கரித்துணியும் கத்தரிக்கோலும்

தையற்காரியின் கணுக்காலுக்கு மேலிருந்த புண் ஓராண்டாக ஆறவில்லை. வலியை அவள் பொறுத்துக்கொண்டாள். நாற்றத்தைத்தான் பொறுக்க இயலவில்லை. அளவெடுக்கக் குனிந்தபோது ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்ட நாளிலிருந்து அவள் கடையின் பின்னறையை விட்டு வெளியே வருவதில்லை. அளவெடுக்கும் பொறுப்பு தங்கையிடம் போயிற்று. தங்கைக்குத் தைக்க வரும், அளவு வராது. தைத்துக் கொடுத்தவற்றில் பாதி பிரித்துத் தைக்கத் திரும்பி வந்தன. இப்படியே போனால் கடையை மூடவேண்டியதுதான்.

புண்ணுக்கு மருந்திடும் செவிலி ஒருநாள் புதுவகைத் துணி ஒன்றை வைத்துக் கட்டினார். இரண்டு வெள்ளை அடுக்குகளுக்கு நடுவே கறுப்பாக ஓர் அடுக்கு.

"என்னக்கா இது, அடுப்படிக் கரித்துணியக் கால்ல கட்டுறாங்க?" என்றாள் தங்கை.

"கரியேதாம்மா. நாத்தத்தப் பிடிச்சு வச்சுக்கற மாதிரி பக்குவப்படுத்தின கரி. ஆனா புண்ண இது ஆத்தாது. அதுக்கு மேல சுத்தற இறுக்கக் கட்டுதான் வழி," என்றார் செவிலி.

மாலைக்குள் நாற்றம் அடங்கிற்று. வீட்டில் மாற்றிக்கொள்ளச் செவிலி சில துணிகளைக் கொடுத்திருந்தார். புண்ணோ சிறிது, துணியோ பெரிது. வீணாகும் துணியைத் தையற்காரியால் எவ்வாறு பார்த்துக்கொண்டிருக்க முடியும்? புண்ணின் வடிவத்திற்கு அழகாக வளைத்து, ஒன்றை இரண்டாக வெட்டிக் கட்டிக்கொண்டாள். மறுநாள் நாற்றம் திரும்பிற்று. புண் முழுவதும் கறுப்புத் துகள். தங்கை தலையிலடித்துக்கொண்டாள். அக்காள் செருப்பை மாட்டிக்கொண்டு செவிலியிடம் நடந்தாள்.

"துணியப் பாத்தா உங்க கை சும்மா இருக்காதே," என்று சிரித்தவாறே செவிலி புண்ணை உப்புநீரால் கழுவினார். "வெட்டுனா கரி கொட்டும். ஓரத்துல ஈரமும் ஏறும். நனைஞ்ச கரி நாத்தத்தப் பிடிக்காது. முழுசாத்தான் வைக்கணும்."

வீடு திரும்பியதும், "இனிமே இந்தக் கத்தரிக்கோல நான் ஒளிச்சு வைக்கறேன்," என்றாள் தங்கை.

"வேண்டாம். என் மேசையிலயே இருக்கட்டும். என் கைய நான் அடக்கிக்கறேன்."

அடக்கிக்கொண்டாள். வாரக் கடைசியில் பருத்த மனிதர் ஒருவர், இருமுறை பிரித்துத் தைத்த காற்சட்டையுடன் வந்தார். தங்கை எழுமுன் தையற்காரி முன்னறைக்கு வந்து, அளவுநாடாவை அவர் இடுப்பில் சுற்றினாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். நாற்றம் திரும்பிவிட்டதோ என்று அவளுக்குத் தோன்றிற்று. ஆயினும் நாடாவை விடவில்லை.

"எதுக்கு மூச்ச அடக்கறீங்க? சொல்லிடுங்க."

அவர் தயங்கினார். "தொப்பை தெரியக் கூடாதுன்னுதான்."

"அதான் ரெண்டு தடவையும் பத்தாமப் போச்சு. விடுங்க மூச்ச," என்றாள் தையற்காரி. நாடாவைத் தளர்த்திப் புதிதாகப் பிடித்தாள்.