வெயில் பக்கம் சாய்ந்த நிழல்

திருவொற்றியூரில் துறைமுகச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், சொக்கம்மாள் வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் இரண்டு வருடமாகத் தெற்கே மட்டும்தான் விழுகிறது. வைகாசியிலும் ஆனியிலும் இதில் விசேஷம் ஒன்றுமில்லை. அப்போது உச்சி வெயில் கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்பதால் எல்லா நிழலும் தெற்கேதான் விழும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே இறங்கிய பிறகும் இந்த ஒரு மரத்தின் நிழல் சூரியனைப் பார்த்தபடியே கிடக்கிறது. பக்கத்து மின்கம்பத்தின் நிழல் வடக்கே, மரத்தின் நிழல் தெற்கே. தெருக்காரர்கள் அதற்கேற்ப வண்டியை நிறுத்தப் பழகிவிட்டார்கள்.

ஹென்றி வீடு கட்டியதில் தொடங்கியது இது. அவன் துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியவன். நாள் முழுக்கக் குனிந்து பார்த்துப் பார்த்து முதுகு போனதும் இறங்கிவிட்டான். கையில் வந்ததைக் கொண்டு, சொக்கம்மாள் வீட்டுக்கு எதிரே, தெருவின் வடக்குப் பக்கம் ஒரு வீடு கட்டவும், ஒரு மின்சாரக் கார் வாங்கவும் முடிவு செய்தான். ஆஸ்பத்திரி நர்சுகளைக் காலை ஷிப்டுக்கும் மதிய ஷிப்டுக்கும் ஏற்றி இறக்குவது, நடுவில் பத்திலிருந்து இரண்டு வரை கார் வீட்டில் நின்று வெயிலைக் குடிப்பது என்பது திட்டம். கடைக்கால் தோண்டும்போதே எல்லாவற்றையும் யோசித்து வைத்தான். மொட்டை மாடியில் பத்து சோலார் தகடுகள். உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத போல்ட்டுகள். காருக்கென்று தனியாகத் தடித்த வயர், அது இறங்கி வரச் சுவருக்குள்ளேயே ஒரு குழாய், கரியும் உப்பும் போட்டு மூடிய தனி எர்த் குழி. வெள்ளம் வந்த வருடம் தண்ணீர் நின்ற கோடு சொக்கம்மாள் வீட்டுச் சுவரில் இன்னும் இருக்கிறது. அதை அளந்துவந்து, அதற்கு ஒரு முழம் மேலே சார்ஜர் பெட்டிக்கு இடம் குறித்தான்.

நிழலையும் பார்க்கத்தான் செய்தான். கிரேன் மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு, கீழே தொங்கும் கண்டெய்னர் பெட்டி தரையைத் தொட இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெட்டியின் நிழல்தான் சொல்லும். உச்சி வேளையில் அது கச்சிதமாகச் சொல்லும். அந்தப் பழக்கத்தில் ஹென்றி வைகாசி மாதத்து உச்சி வெயிலில் மனையில் போய் நின்று பார்த்துவிட்டு, ஒரு விரல் நிழல்கூட இல்லை என்று தீர்த்துவிட்டான். தகடு மாட்ட வந்த தீனா, மழை முடிந்த மாதத்திலும் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றான்.

“பத்தொம்போது வருசம் நெழல பாத்து சோறு துன்னவன்டா நானு. எனுக்கே சொல்றியா?” என்றான் ஹென்றி.

மழை முடிந்தது. புதுவீட்டை ஃபாதர் வந்து மந்திரித்துவிட்டுப் போன மறு வாரம், எதிர்மரத்தின் நிழல் தெருவைத் தாண்டி, சுவரேறி, மொட்டை மாடியில் வந்து படுத்துக்கொண்டது. பத்து மணிக்கு ஏறினால் இரண்டு மணிக்குத்தான் இறங்கும். ஒரு தகட்டில் நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுக்கச் சோர்ந்துபோகும். இங்கே ஏழில் விழுந்தது. மின்வாரியத்தில் கேட்டதற்கு, தெருவில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் இதற்குமேல் தாங்காது, புதுசு வரும்வரை காருக்கு இணைப்பு கிடையாது என்றார்கள். பொதுச் சார்ஜர் இருக்கும் இடத்துக்குக் கண்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டிப் போய்வருவதற்குள் ஒரு ஷிப்ட் தவறிவிடும். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை தவறினால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக நர்சுகளில் மூத்தவளான ஆன்சி வருத்தத்தோடு சொன்னாள்.

தீனா மாடியில் நின்று மரத்தையே பார்த்தான். “அண்ணாத்தே, அது நிக்கிற வரிக்கும் உன் காரு பொம்மை காருதான். தெக்கால கீற கிளைய மட்டும் வுட்டுட்டு மத்தத கழிச்சிரு.”

ஆனால் மரத்தடியில்தான் சொக்கம்மாளின் கூழ்க்கடை இருந்தது. துறைமுகத்துக்குள் போக மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் லாரி டிரைவர்கள் கூழுக்காக மட்டும் அங்கே வருவதில்லை. கொதிக்கிற கேபினைவிட்டு இறங்கி, பெஞ்சில் சாய்ந்து, ஒரு மணி நேரம் கண்ணை மூடத்தான் வந்தார்கள். கிளை போனால் கடை போகும். புருஷன் இல்லாத சொக்கம்மாளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் ஹென்றியின் மனைவி ஜானட் அவனைக் கேட்டாள்: “அந்தம்மாகிட்ட போயி மரத்த வெட்டுன்னு கேக்க வாய் வருமா உனுக்கு? வூடு மந்திரிச்ச அன்னிக்கி நம்ம சனத்துக்கெல்லாம் கேக்காமயே கூழு ஊத்துச்சே.”

“காரு நின்னா நீயா சோறு போடுவ?”

“போடுவேன். கூழு ஊத்துவேன்.”

ஆனாலும் ஹென்றி போனான். வேறு வழி தெரியவில்லை. மரத்தின் சுற்றளவைப் பார்க்க டேப்பையும் கையில் எடுத்துக்கொண்டான். பெஞ்சில் ஒரு டிரைவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஈ உட்காராமல் சொக்கம்மாள் ஒரு கையால் விசிறியபடி மறு கையால் கூழைத் துழாவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், அவன் வாயைத் திறப்பதற்குள் சொன்னாள்:

“வெட்டிக்க நைனா. வெயிலு உனுக்கு ஓணுமாமே, தீனா சொல்லிகினு இருந்தான். எனுக்கு இன்னா, ஒரு தார்ப்பாய கட்டிகினு ஒக்காந்துக்குவேன்.”

தார்ப்பாய்க்கு அடியில் எவனும் தூங்க மாட்டான் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஹென்றி டேப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“மரத்த யாருக்கா கேட்டா? நான் கூழு குடிக்க வந்தேன். ஊத்து.”

“கூழு குடிக்க வர்றவன் கைல எதுக்கு டேப்பு?”

“சொம்பு எம்மாம் பெருசுன்னு அளக்கத்தான்.”

அவள் சிரித்தாள். ஹென்றி கூழை வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, காரை விற்கப் போவதாக ஜானட்டிடம் சொன்னான். அவள் அவன் தட்டில் இன்னொரு மீன் வைத்தாள். மறுநாள் ஹென்றி ராயபுரம் கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, சொக்கம்மாள் கடை நன்றாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அதே சாயங்காலம் சொக்கம்மாள் வடிவுடையம்மனுக்கு இரண்டு முழம் பூ சாத்தி, எதிர்வீட்டுக் கார் நிற்காமல் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஒருவர் வேண்டியது மற்றவருக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பெரம்பூரிலிருந்து பொன்ராஜ் என்பவர் காரைப் பார்க்க வருவதாக இருந்தது. பத்தரை மணிக்குக் கீழே சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதைக் கண்டு ஹென்றி மாடிக்கு ஓடினான். பத்துத் தகடுகளிலும் வெயில் தகதகத்தது. மரம் ஓர் இலைகூடக் குறையாமல் நின்றது. நிழல் மட்டும் சொக்கம்மாள் வாசலில், சூரியன் இருக்கும் பக்கமாகவே நீண்டு விழுந்திருந்தது. நிழலைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்த அந்த மனிதன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டான்.

கீழே சொக்கம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு பெஞ்சை இழுத்துக்கொண்டிருந்தாள். “இன்னா நைனா மேல நின்னு வேடிக்க பாக்குற? நெழலு இந்தாண்ட வந்துட்ச்சி. எறங்கி வா, ஒரு கை புடி!”

முதுகு வலியோடு ஹென்றி நான்கு பெஞ்சையும் தூக்கிப் போட்டான். கார் விற்பனைக்கு இல்லை என்று தெரிந்துகொண்ட பொன்ராஜ், வந்ததற்கு இரண்டு சொம்பு கூழ் குடித்து, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுப் பெரம்பூர் போனார். மதிய ஷிப்டுக்கு ஆன்சியும் மற்றவர்களும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகு யார் யாரோ வந்து பார்த்தார்கள். கல்லூரிக்காரர்கள் குச்சி நட்டு அளந்தார்கள். குச்சியின் நிழல் வடக்கே விழுந்தது. ஃபாதரிடம் கேட்டபோது, யாருக்கும் இடைஞ்சல் இல்லையே என்று திருப்பிக் கேட்டார். தீனா அந்தத் தெருவில் மேலும் மூன்று வீடுகளுக்குத் தகடு மாட்டினான். படிவத்தில் நிழல் பற்றிய கட்டத்தில் ‘மரம் உண்டு, தடை இல்லை’ என்று எழுதினான். போன வருடம் புது டிரான்ஸ்பார்மரும் வந்தது. நிழல் அதற்காகத் திரும்பிப் போகவில்லை.

குறை என்று ஒன்றே ஒன்றுதான். வாசல் முழுக்க நிழல் கட்டிக்கொண்டதில் சொக்கம்மாளுக்கு மோர் மிளகாய் காய வைக்க இடம் இல்லாமல் போனது. இப்போது அவள் முறத்தோடு எதிர்வீட்டு மாடியேறி, தகடுகளுக்கு நடுவே துணி விரித்துப் பரப்பிவிட்டு வருகிறாள். தகடுகளில் படியும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைத் துடைக்க ஏறும் ஹென்றி, மிளகாயைக் கையால் ஒரு முறை புரட்டிவிட்டு, இறங்கிக் காரின் வயரைக் கழற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறான்.