எலிக்கு இறங்கிய சர்க்கரை

லவங்கப்பட்டையை ஊறவைத்து, வடிகட்டி, அதிலிருந்து பிரித்தெடுத்த சத்தை எலிகளுக்குக் கொடுத்து, வாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையை அளப்பது ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. பதினோரு மாதம் கழித்து முதல்முறையாக அளவு இறங்கியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

அண்ணன் பேருந்து ஓட்டுநர். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர். எட்டு வருஷமாகச் சர்க்கரை நோய். மாத்திரை என்றாலே வேப்பங்காய்.

"பட்டையில இருக்கிற சத்து சர்க்கரையைக் குறைக்குதுண்ணா! கண்ணால பாத்துட்டோம்."

"என் தங்கச்சி கண்டுபிடிச்சிருக்கா, கேட்டியா?" என்று அவர் மனைவியைப் பார்த்து மார்தட்டினார்.

"எலிக்குத்தானே குறைஞ்சுது?" என்றாள் அண்ணி. "அப்போ இவருக்கும் கேக்கும். வீட்ல எந்த டப்பாவை இந்த எலி விட்டுவச்சுது?"

மூவரும் சிரித்தார்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்ல அவளுக்குத் தோன்றவேயில்லை. எட்டு வருஷ நோயாளிக்கு அதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்ன?

ஐந்து மாதம் கழித்து, வேலை நேரத்தில் அண்ணியின் அழைப்பு வந்தது. புது ஷூ கடித்து வலது கால் பெருவிரலில் கொப்புளம். கால் மரத்திருந்ததால் அவருக்கு வலியே தெரியவில்லை. புண் அழுகி நாற்றம் வந்த பிறகுதான் அண்ணி பார்த்திருக்கிறாள். அலமாரியில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. தினம் இரண்டு வேளை பட்டைப் பொடியும் வெந்நீரும் மட்டும்தான்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அவள் கட்டிலருகே போய் நின்றாள். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"ஏம்மா," என்று மெதுவாகக் கேட்டார், "நான் போட்ட அளவு கம்மியாப் போச்சோ?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "அளவு இல்லண்ணா. அது மாத்திரைக்குப் பதில் கிடையாது. மனுஷங்களுக்குக் கேக்குமான்னே எங்களுக்கு இன்னும் தெரியாது. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் வெகுநேரம் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழாதே. நான் கேக்கலையே, நீ என்ன பண்ணுவே," என்றார். சட்டென்று முகம் வெளிறியது. "ஐயோ, பணிமனையில மூணு பேருக்குச் சொல்லிட்டேனே! என் தங்கச்சி ஆராய்ச்சி பண்ணதுன்னு சத்தியம் பண்ணிச் சொன்னேனே!"

அவள் அப்போதே பணிமனைக்குப் போனாள். டீசல் புகைக்கு நடுவே இருவரைக் கண்டுபிடித்துச் சொன்னாள். ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர், "உங்கண்ணனே சொன்னாரேம்மா, இப்ப மாத்திச் சொல்றீங்க," என்று முறைத்தார். மூன்றாமவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். யாரோ ஒரு எண் கொடுத்தார்கள்.

அவள் மதிற்சுவரோரம் நின்று அழைத்துக்கொண்டே இருந்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.