வயிறு போட்ட சத்தம்

தோராகிச்சியின் கண்ணைக் கெடுத்தது அவன் வயிறுதான். மாதக்கணக்காகப் பேதி. குடல் முழுக்கப் புழு. பகல் வெளிச்சத்தில் நன்றாகத்தான் பார்த்தான். ஜப்பானின் கியூஷு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டாலோ, விளக்கிருந்தும் குருடன்.

மாலைக்கண்ணுக்கு ஈரல் நல்லதென்று அவன் மனைவி கிசே, கோழி ஈரலும் விலாங்கு ஈரலும் கண்டவரிடமெல்லாம் கெஞ்சி வாங்கி ஊட்டினாள். தின்ற கையோடு கழிப்பறைக்கு ஓடினான்.

"வயித்துலயே தங்கலன்னா கண்ணுக்கு எப்படிடி போய்ச் சேரும்? நீ புருஷனுக்கு ஊட்டல, கக்கூசுக்குப் படையல் போடற," என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு ஓத்சுனே. கிசேவுக்கு அழுகை முட்டியது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லையே!

சுரங்கத்தில் அவன் கரியை வெட்ட வேண்டும், இவள் கூடையில் இழுக்க வேண்டும். கண் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? வேலையில் ஏய்க்கிறான் என்று கங்காணி இவாமுரா அடித்தே கொல்வான். போன மாதம் ஒருவனை அப்படித்தான் பிணமாக மேலே அனுப்பினான். அதனால் கிசே, வெட்ட வேண்டிய பக்கத்தைப் புருஷனின் தோளில் தட்டித் தட்டிக் காட்டி ஒப்பேற்றினாள்.

அன்று இவாமுரா நேரிலேயே வந்து நின்றான்.

"ஏண்டா, முன்னாடி நிக்கறேன், குனிஞ்சு கும்பிட மாட்டியா?"

தோராகிச்சி அவசர அவசரமாகச் சுவரைப் பார்த்துக் குனிந்தான்.

"அட கோழிப்பயலே! கோழியாட்டம் பொழுது சாஞ்சா கண்ணு தெரியாதோ? யார்கிட்டடா நடிக்கற?"

தடியின் முதல் அடியில் பல் தெறித்தது. அடுத்த அடியில் விலா முறிந்தது கிசேவுக்கே கேட்டது.

"ஐயா, சீக்காளிங்க, விட்ருங்க ஐயா!" காலைப் பிடித்தாள். எட்டி உதைத்தான். வந்ததே ஆத்திரம்! பாய்ந்து அவன் காதைக் கடித்தாள். அவன் இவள் முடியைப் பிடித்துப் பாறையில் மோதினான். இந்த இழுபறியில் அவன் விளக்கு எகிறி இவர்கள் விளக்கின்மேல் விழ, இரண்டும் அணைந்தன.

கும்மிருட்டு. தோராகிச்சி மூச்சை அடக்கிக்கொண்டான். கங்காணி தடியோடு காதைத் தீட்டி நின்றான்.

கடமுடவென்று கத்தியது தோராகிச்சியின் வயிறு. பாழாய்ப்போன வயிறு!

"மாட்டுனியாடா கோழி!"

அந்தச் சத்தத்தோடுதான் கிசே மாதக்கணக்காகப் படுத்து எழுந்தாள். புருஷன் எங்கே கிடக்கிறான், தடியோடு கங்காணி எங்கே வந்து நிற்பான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையில் அகப்பட்ட, கரி வெட்டும் பிக்காசை, அந்தச் சத்தத்துக்கு ஒரு முழம் முன்னால் ஓங்கி இறக்கினாள். சதையில் இறங்கியது. அலறினான். அலறல் நிற்கும்வரை இறக்கினாள்.

"செத்துட்டானா கிசே?"

"செத்தான். யோவ், எனக்கு ஒண்ணுமே தெரியலய்யா."

"எனக்கு எப்பத் தெரிஞ்சுது? கையக் குடு. இந்த வழியெல்லாம் காலுக்குப் பழக்கம்."

விலாவைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னே நடந்தான். மேலே வந்தபோது மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு இன்னும் தெரியுதாய்யா?"

"உன் மூஞ்சி தெரியுது. ஒரே ரத்தம்."

"கண்ணு தெரியற வரைக்கும் ஓடுய்யா," என்றாள்.