3000-இல் ஓடிக்கொண்டிருந்தது

1

இந்தக் கதை ஒரு பிழைச் செய்தியிலிருந்து பிறந்தது என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். பிழை என்னுடையது, செய்தி சரியாகத்தான் சொன்னது.

மாலை நேரக் கணினி நிரல் வகுப்பில் அண்ணியும் நானும் சேர்ந்து படிக்கிறோம். எல்லாருக்கும் ஒரே சர்வர், ஒரே லாகின். போர்ட் எண் மட்டும் தனித்தனி: அண்ணிக்கு 3000, எனக்கு 3001. (போர்ட் என்பது கதவு எண் மாதிரி. வாசலில் நிற்கும் வெப் சர்வர், வருகிறவரை அவரவர் கதவுக்கு அனுப்பும். இந்த உவமையில் எனக்குத் திருப்தியில்லை. வேறு கிடைக்கவில்லை.)

2

நேற்று தேர்வு. என் நிரலை ஓட்டினேன். '3000 ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்றது. மாதிரி நிரலில் இருந்த எண்ணை நான் மாற்றவே இல்லை. அது உறைக்காமல், என் பழைய ஓட்டம்தான் நிற்காமல் கிடக்கிறது என்று முடிவுகட்டி, 3000-இல் ஓடியதை நிறுத்தினேன். மறுபடி ஓட்டினேன். ஓடியது. நான் மகிழ்ச்சியில்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

3

அதே நேரம் சார் தன் திரையில் அண்ணியின் இணைய முகவரியைத் திறந்தார். என் பக்கம் வந்தது, அடியில் என் பெயரோடு.

"நாத்தனார்கிட்ட காப்பியடிச்ச முதல் அண்ணி நீங்கதாம்மா."

"சார், சத்தியமா இது என்னோடது இல்ல!"

"அதைத்தானே நானும் சொல்றேன்."

வகுப்பே சிரித்தது.

சான்றிதழ் கிடைத்தால்தான் அண்ணியின் தற்காலிக வேலை நிரந்தரமாகும். எப்படி நடந்தது என்று திங்கட்கிழமைக்குள் விளக்கினால் மறுதேர்வு. இல்லாவிட்டால் பெயர் நீக்கம். அடுத்தவர் நிரலை நிறுத்தியவருக்கும் அதே நீக்கம்தான், முதல் நாளே சொன்ன விதி. [இங்கே நான் எழுந்து உண்மையைச் சொல்வதாக ஒரு வரைவு இருக்கிறது. நன்றாகவே வந்திருக்கிறது. நடக்கவில்லை.] வகுப்பு முடியுமுன் என் எண்ணை 3001 என்று மாற்றி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

4

முடிவு அ: சாருக்கு நானே போன் செய்கிறேன்.

முடிவு ஆ: அண்ணியே கண்டுபிடிக்கிறார். இதன் ஓரத்தில் 'அவ்வளவு கெட்டிக்காரரா?' என்று குறித்திருந்தேன். அது சந்தேகம் அல்ல, என் ஆசை.

5

ஞாயிறு பிற்பகல். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே அண்ணி. தன் நிரலை மூன்றாம் முறையாக வரிவரியாகப் பார்க்கிறார்.

"என்னடி, கதையா? என்னை வச்சு எழுதிடாத."

"சேச்சே."

"என்னோடதுல 3000ன்னு சரியாத்தான் இருக்கு. உன்னோடதுல என்ன இருக்கு?"

என்ன இருந்தது என்று கேட்கவில்லை. என்ன இருக்கு என்றுதான் கேட்டார். இருப்பது 3001. அதைச் சொன்னால் பொய்யில்லை.

பதில் ஒரே ஒரு எண். அதை நான் எழுதப்போவதில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நீங்கள் வந்து உட்காருங்கள். அண்ணி நிமிர்ந்து பார்க்கிறார்.