பதில் பதியாத இசைத்தட்டு

தாழைமுனை வியாகுல மாதா கோயிலில், சனம் மீளக் குடியேறிய இரண்டாம் வருடத்து நவம்பரில், அன்ரோனெற் பியானோவில் ஓங்கி அடித்த ஓர் அடியின் ஓசை அடங்கவில்லை. பூசை முடிந்து சனம் வீட்டுக்குப் போனது. பாதர் கிறகரி கதவைப் பூட்டினார். மறுநாள் காலையில் திறந்தபோது அது நடுக்கோயிலில் ஓர் அலுமாரி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கவனமில்லாமல் நடந்தால் நெற்றி இடிபடும். கோபத்தில் பிறந்த ஓசை என்பதால் சூடாகவும் இருந்தது. ஒரு கிழமைக்குள் சனம் பழகிக்கொண்டது. பாதர் சனம் இருக்கும் இரண்டு வாங்குகளை ஒதுக்கிப் போட்டார். அந்த மாரியில் உடுப்புக் காயாத பெண்கள், பூசைக்கு வரும்போது ஈரச் சேலைகளைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் விரித்துவிட்டு, செபமாலை சொல்லி முடியக் காய்ந்ததை மடித்து எடுத்துப் போனார்கள்.

அந்த அடிக்குக் காரணம் ஒரு பெயர். மரித்த ஆன்மாக்களின் திருநாளுக்கு முன்பே ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைப் பாதரிடம் கொடுப்பதும், அவர் பூசையில் அவற்றை உரக்க வாசிப்பதும் அந்தக் கரையின் வழக்கம். வாசித்தால் வாசித்ததுதான், அதன்பிறகு அந்த ஆள் இறந்தவர். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த பாதருக்கு யார் வீட்டில் யார் என்பது இன்னும் பிடிபடவில்லை. வாசித்துக்கொண்டே போனவர், “டிலோஜன்” என்றார். அன்ரோனெற்றின் ஒரே மகன். பெயரைக் கொடுத்தவன் அவளுடைய தம்பி கொன்ஸ்ரன்ரைன். பியானோவுக்குப் பக்கத்தில் சக்ஸபோனைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு நின்றவன். அன்ரோனெற் இரண்டு முழங்கைகளையும் சேர்த்துப் பியானோக் கட்டைகளின் மேல் விழுத்தினாள். மடத்துக் கன்னியர் ஒரு காலத்தில் அவளுக்குப் படிப்பித்த எந்தப் பாட்டிலும் அப்படி ஓர் இடம் இல்லை.

போரின் கடைசிக் கிழமையில், காலில் பட்ட ஷெல் துண்டோடு அவள் ஒரு மரத்தடியில் நினைவில்லாமல் கிடந்தாள். ஒலிபெருக்கியில் இராணுவத்தினர், ஒரே ஒரு நாள் இயக்கத்தில் இருந்தவர்களும் வந்து பதியலாம், விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். டிலோஜனை இயக்கம் பிடித்துக்கொண்டு போய் நாலு மாதம்தான் வைத்திருந்தது. துவக்குத் தூக்கத் தெரியாமல் தப்பி ஓடிவந்த பிள்ளை. கொன்ஸ்ரன்ரைன் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு பதிவு நடந்த பாலத்தடிக்குப் போனான். திரும்பித் தனியே வந்தான். எந்த அதிகாரியிடம் கொடுத்தான், எதில் ஏற்றினார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அவன் அதன்பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்ரோனெற் ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்களிலெல்லாம், கண்ட சாட்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். கண்ட சாட்சி அவளுடைய கூடப்பிறந்தவன். அவன் வீட்டு வேலியில் நின்று அவள் கேட்டாள்.

“ஆரிட்டயடா என்ர பிள்ளையைக் குடுத்தனீ?”

“அக்கா, கத்தாதேங்கோ. ஆமி முகாம் பக்கத்தில கிடக்கு. எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு.”

“எனக்கும் பிள்ளை இருக்கு. நீதான் கொண்டுபோய் விட்டுப்போட்டு வந்தனீ.”

அதன்பிறகு நெடுநாள் அவர்கள் வாயால் பேசவில்லை. செத்த பிள்ளைக்காக ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று கொன்ஸ்ரன்ரைன் கணக்குப் போட்டான். அதனால்தான் அந்தப் பெயரைப் பாதரிடம் கொடுத்தான். கெட்டவன் அல்ல, பயந்தவன். பயந்தவர்கள் செய்கிற கெடுதலுக்கும் கணக்குண்டு என்பதை ஆண்டவர் அறிவார்.

ஆனால் தாழைமுனையில் வாத்தியம் தெரிந்தவர்கள் அந்த இருவர்தான் மிச்சம். மற்றவர்களில் சிலர் கடல் கடந்து போயிருந்தார்கள், சிலர் மண்ணுக்குள் போயிருந்தார்கள். எனவே ஞாயிறுதோறும் இருவரும் ஒரே பீடத்தின் கீழ் இருந்து வாசிக்கவேண்டியிருந்தது. பூசை முடியும்வரை ஒழுங்காக வாசிப்பார்கள். கடைசி ஆசீர்வாதம் முடிந்ததும் அன்ரோனெற் எழும்பமாட்டாள். கீழ்க்கட்டைகளில் ஒரு கேள்வியை வைப்பாள். அதில் மெட்டு இல்லை, தாளம் இல்லை. உப்புக்காற்றில் செத்துப்போன மூன்று கட்டைகளையும் அவள் விடாமல் அடிப்பாள். அவை டொக்கு டொக்கென்று கதவு தட்டுவதுபோல் கேட்கும். கொன்ஸ்ரன்ரைன் போகப் பார்ப்பான், கால் வராது. வாயில் சக்ஸபோனை வைப்பான். அது கத்தும், விக்கும், கெஞ்சும். சக்ஸபோனுக்குச் சொல் கிடையாது என்பது உண்மைதான். ஆனாலும் அங்கிருந்தவர்களில் ஒருவருக்கும் விளங்காமல் இல்லை. டிலோஜன் சின்னனில் கடலில் நீந்தப் பழகியது, மாமாவின் சைக்கிளைக் கொண்டுபோய்க் குளத்துக்குள் விட்டது, பாலத்தடியில் அவன் கை வியர்த்திருந்தது, எல்லாவற்றையும் அந்த வாத்தியம் சொன்னது. அந்த ஓசைகளும் அடங்காமல் பியானோவின் ஓசைக்குப் பக்கத்தில் நின்றன. பிறகு அன்ரோனெற், ஆரிடம் கொடுத்தாய் என்று கேட்பாள். உடனே சக்ஸபோன் வேகமாக, அழகாக, சுற்றிச் சுற்றி எதையோ வாசிக்கும். அந்த ஓசை மட்டும் நிற்காது. உமிபோல் உதிர்ந்து தரையில் கிடக்கும். திங்கட்கிழமை கோயில் கூட்டுகிறவர்கள் அதை அள்ளிக் கொண்டுபோய் வேலிக்கு வெளியே கொட்டினார்கள்.

அடம்பனில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் சுகந்தன், திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட வந்த இடத்தில் இதைக் கேட்டான். சைவக்காரப் பொடியன், கோயில் நடுவில் நின்ற ஓசையில் நெற்றியை இடித்துக்கொண்டு, “மன்னிக்கோணும் மாதாவே” என்று செருப்பைக் கழற்றினவன். அடுத்த ஞாயிறு பதிவு இயந்திரத்தோடு வந்தான். மழைக்காலம் முழுக்க வந்து பதிந்தான். வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டு அன்ரோனெற்றிடம் ஓடிவந்தான்.

“அன்ரி, பியானோ முழுக்க விழுந்திருக்கு. சக்ஸபோன் அண்ணையின்ரயும் அழுகிற இடம், பிள்ளையின்ர பகிடி சொல்லுற இடம் எல்லாம் விழுந்திருக்கு. ஆனா நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டாப் பிறகு ஒண்டுமில்லை. வெறும் இரைச்சல் கூட இல்லை. மைக்கை மாத்திப் பாத்திட்டன், வயரை மாத்திப் பாத்திட்டன்.”

“மைக்கில பிழையில்லை மகன்,” என்றாள் அன்ரோனெற். “அவன் பதில் சொன்னாத்தானே விழ?”

சுகந்தன் பதிந்ததை அப்படியே இசைத்தட்டாக அடித்தான். கொழும்பில் படிக்கும் அவனுடைய சிநேகிதன் ஒருவன் அதற்கு ஃபிறீ ஜாஸ் என்று பெயர் இருப்பதாகச் சொன்னான். எழுதிவைக்காமல், ஒத்திகை பார்க்காமல், இரண்டு பேர் நேருக்கு நேர் வாத்தியத்தில் பேசிக்கொள்வதை வெளிநாடுகளில் காசு கொடுத்து இருந்து கேட்பார்களாம். இசைத்தட்டு கொழும்புக்குப் போனது. அங்கே ஒரு பத்திரிகையில், குளிரூட்டிய அறையில் இருந்து கேட்ட ஒருவர், இரு கலைஞர்களின் பூரண சுதந்திரம் என்று புகழ்ந்து எழுதினார். விசேடமாக, முக்கியமான இடங்களில் சக்ஸபோன் கலைஞர் காக்கும் மௌனம் ஈடிணையற்றது என்றார். தெற்கிலிருந்து ஆட்கள் வாகனத்தில் வந்து கொன்ஸ்ரன்ரைனைப் படம் எடுத்தார்கள். அவனுக்கு மாலையும் போட்டார்கள்.

பாதர் கிறகரி அந்தப் பத்திரிகையைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது அன்ரோனெற் எழும்பி நின்றாள். அவள் நின்ற இடத்தில் சீமெந்து வெடித்தது. அந்த வெடிப்பு இன்றும் பாதர் தங்கும் அறைவீட்டில் இருக்கிறது.

“சுதந்திரமாம் பாதர்! என்ர பிள்ளையைத் துலைச்சுப்போட்டு நான் கட்டையில தலையை அடிக்கிறன், அது சுதந்திரமாம். அவன் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறான், அதுக்கு மாலையாம். இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தானெண்டால் பட்டமும் குடுப்பினம்.”

“நானும் ஒரு பிழை செய்தனான் அம்மா,” என்றார் பாதர். “கேக்காமல் வாசிச்சுப்போட்டன்.”

“நீங்கள் தெரியாமல் செய்தது. இவையள் தெரிஞ்சு கைதட்டுகினம்.”

அன்றிலிருந்து அவளுடைய வாசிப்பு இன்னும் கடுமையானது. கேள்விகள் கோயிலை நிரப்பின. சனம் பக்கவாட்டாக நடந்துதான் நற்கருணைக்குப் போனது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஓசையின் இரண்டு பக்கத்தால் வந்து பீடத்தடியில்தான் சந்தித்தார்கள். கொன்ஸ்ரன்ரைனோ நாளுக்கு நாள் மெலிந்தான். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலத்தின் ஒரு ஞாயிறு, அவன் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தபோது, அதன் வாய்முனையில் இரத்தம் இருப்பதை அன்ரோனெற் கண்டாள்.

சக்ஸபோனின் வாய்முனையில் றீட் என்று ஒரு மெல்லிய நாணல் தகடு உண்டு. அது அதிர்ந்தால்தான் சத்தம் வரும். கொன்ஸ்ரன்ரைனுடைய றீட் இடப்பெயர்வு முழுவதும் கூட வந்தது, நடுவால் வெடித்திருந்தது. மன்னாரில் வாங்க இடமில்லை. நூலால் கட்டி வாசித்துக்கொண்டிருந்தான். இவ்வளவு காலமும் ஒவ்வொரு ஞாயிறும் அது அவன் உதட்டைக் கிழித்துக்கொண்டிருந்தது.

அன்ரோனெற் அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடவில்லை. கோபத்தோடு இருந்தாள். உதடு கிழியட்டும் என்று நினைத்தாள். பிறகு, நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் கொண்டாள். தம்பிக்கு ஐந்து வயதில் அம்மை போட்டபோது வேப்பிலையால் தடவித் தடவி இரவெல்லாம் முழித்திருந்தவள் அவள். கோபம் ஓர் அணுவும் குறையவில்லை. ஆனாலும் அடுத்தநாள் சுகந்தனைக் கூப்பிட்டு, கொழும்புக்குப் போகும் ஆட்கள் யாரிடமாவது சொல்லி ஒரு றீட் எடுப்பிக்கச் சொன்னாள். கோபத்தை வைத்துக்கொண்டே செய்கிற நன்மையை ஆண்டவர் எந்தத் தராசில் வைப்பாரோ தெரியாது, லேசாக இராது.

குருத்தோலை ஞாயிறன்று, பூசை முடிந்து சனம் ஓலைகளோடு நின்றபோது, அவள் அந்தச் சின்னப் பெட்டியைக் கொன்ஸ்ரன்ரைனின் கதிரையில் வைத்தாள். அவன் திறந்து பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

“இது என்னத்துக்கு அக்கா?”

“பதில் துலக்கமாக் கேக்கவேணும். அதுக்குத்தான்,” என்றாள். “உன்னில இரக்கப்பட்டு இல்லை.”

அவன் நூலை அவிழ்த்து, வெடித்த றீட்டைக் கழற்றிப் புதியதை வாயில் வைத்து நனைத்துப் பூட்டினான். கோயில் வாசலில் நின்ற தன் மகள் பிறின்சியை ஒருதரம் பார்த்தான். அவள், “வாசியுங்கோ அப்பா,” என்றாள். சுகந்தனின் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதில் பதிந்தால் முகாமுக்கும் கேட்கும், கொழும்புக்கும் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். அன்ரோனெற் கேள்வியை வைத்தாள். அந்த முறை இரண்டு விரலால், மெதுவாக, பிள்ளையை எழுப்புவதுபோல் வைத்தாள்.

சக்ஸபோன் சொன்னது. தமிழ் தெரிந்த அதிகாரி, இடது காதடியில் வெட்டுக்காயம். முன்கண்ணாடி உடைந்து, அதில் சேலைத்துண்டு கட்டிய பஸ். சன்னலோரம் டிலோஜன், பக்கத்தில் அடம்பன் பரமேஸ்வரியின் மகன் கிருஷாந்தன், பின்னால் நறுவிலிக்குளத்துப் பொடியன்கள், ஒவ்வொருவராக. பஸ் தெற்கே திரும்பியது. டிலோஜன் கையை வெளியே நீட்டி, அம்மாவைப் பாருங்கோ மாமா என்றான். அதற்குமேல் கொன்ஸ்ரன்ரைனிடம் மூச்சு இல்லை. அந்த ஓசை உதிரவில்லை. கேள்விக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதே உயரம், அதே சூடு. பிறகு இரண்டும் வாசலால் வெளியேறின. அவற்றின் பின்னால் மற்ற ஓசைகளும் போயின. தெருவால் நடந்துபோய் முகாமின் வாசற்படலைக்கு முன்னால் நின்றன.

அந்த முகாமில் இருந்தவர்கள் டிலோஜனைக் கண்டவர்கள் அல்ல. ஆனால் தாழைமுனைக்குத் தெரிந்த படலை அது ஒன்றுதான். முகாமின் பெரிய அதிகாரி ஒருவர் மொழிபெயர்ப்பாளரோடு கோயிலுக்கு வந்து, சத்தத்தின் சொந்தக்காரர் யார், உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்றார். அன்ரோனெற், “என்ரதுதான். பதில் சொன்னியளெண்டால் தானாப் போயிடும்,” என்றாள். “மற்றது என்ரது,” என்றான் கொன்ஸ்ரன்ரைன். அவனை இரண்டுதரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டுதரமும் அன்ரோனெற் கூடப் போய் வெளியில் வாங்கில் இருந்தாள். புதிய இசைத்தட்டு அடம்பனில், நறுவிலிக்குளத்தில், வவுனியாவில் வீடு வீடாகப் போனது. கரண்ட் நின்றாலும் அது நிற்கவில்லை. பரமேஸ்வரி வயலிலிருந்து சேற்றுக் காலோடு பஸ் ஏறி வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றத் தாய்மாரும் வந்தார்கள். கொழும்புப் பத்திரிகை அந்தத் தட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

முகாமின் படலையை இரண்டு தடவை இடம் மாற்றினார்கள். ஓசைகளும் மாறி நின்றன. பிறகு விட்டுவிட்டார்கள். காவலுக்கு நிற்கும் பொடியன்கள் மாரியில் அதில் கையைக் காட்டிக் குளிர் காய்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் தாய்மாரும் அவர்களோடு கொன்ஸ்ரன்ரைனும் அந்த இடத்தில் வந்து இருக்கிறார்கள். பதில் இன்னும் இல்லை, டிலோஜனும் இல்லை. அன்ரோனெற் தம்பியை மன்னித்துவிட்டதாக ஒருவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. வெயில் ஏறினால் குடையை அவன் பக்கம் கொஞ்சம் சரிக்கிறாள், அவ்வளவுதான். மன்னார் பஸ் கொண்டக்டர்மார் அந்த இடத்துக்குக் கேள்வியடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வங்காலை தாண்டியதும், “கேள்வியடி இறங்கிற அம்மாமார் முன்னுக்கு வாங்கோ, சத்தத்தில தலை இடிபடாமல் பாத்து இறங்குங்கோ,” என்று கூப்பிடுகிறார்கள். பெண்கள் சாப்பாட்டுப் பார்சல்களோடு, தலையைக் குனிந்து, ஒவ்வொருவராக இறங்குகிறார்கள்.