அமலி கிடக்கிற இடம்

அனுசியாவுக்குப் பிள்ளை பிறந்தது மார்ச் மாதத்தில். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. அழவில்லை, அசையவில்லை. மயக்கம் தெளிந்து அனுசியா கண் திறந்தபோது, புருஷன் செபாஸ்டினும் அவன் அண்ணனும் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பியிருந்தார்கள். முகத்தைப் பார்த்துவிட்டால் மறக்க மாட்டாள், பாராமல் இருப்பதே அவளுக்கு நல்லது என்று முடிவு செய்தவள் மாமியார் மிக்கேலம்மாள்.

மூன்றாம் நாள் பால் கட்டியது. மாமியார் மல்லிகைப்பூவைத் துணியில் பரப்பி மார்போடு இறுக்கிக் கட்டிவிட்டாள். நான்கைந்து நாளில் பால் வற்றிவிட்டது. அதன் பிறகு தெருவில் பூக்காரி சத்தம் கேட்டாலே அனுசியா எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

திரேஸ்புரத்தில் அவர்கள் தெருவே திரண்டு வந்து ஆறுதல் சொன்னது. பிள்ளை சம்மனசாகி, வானதூதராகி மோட்சத்துக்குப் போய்விட்டது, கொடுத்தவரே எடுத்துக்கொண்டார், அடுத்த வருஷமே மடியில் ஒன்று கிடக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தெருப் பெண்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிற அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. சாவு வீடுகளுக்குப் போய் இதே வார்த்தைகளை அவளும்தான் சொல்லியிருக்கிறாள். அப்போது அந்த வீட்டுப் பெண்கள் ஒன்றும் பேசாமல் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்று இப்போதுதான் உறைத்தது.

அக்டோபரில் ஒரு கூட்டம் அவள் வீட்டில் நடந்தது. செபமாலை முடிந்ததும் நன்றி செபம் சொல்லும்படி அவளைக் கேட்டார்கள். எழுந்து நின்றாள். வாயில் எப்போதும் தயாராய் இருக்கிற வார்த்தைகள் அன்று வரவில்லை.

“ஆண்டவரே, எனக்கு உம்ம மேல கோவம். எம்பிள்ளைய நான் ஒரு மட்டம் பாக்கக்கூட இல்ல” என்றாள்.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் பெண்கள் போய்விட்டார்கள். மாமியார் இரண்டு நாள் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

விஷயம் கோயில் வரைக்கும் போனது. உதவிப் பங்குச் சாமி ஞாயிறு பூசை முடிந்ததும் அவளை அழைத்தார். அவளைவிட ஐந்தாறு வயது இளையவர், ஊருக்குப் புதிது. கண்டிக்கப் போகிறார் என்று எண்ணித்தான் போய் நின்றாள். அவர் கண்டிக்கவில்லை. கோபத்தை ஆண்டவரிடம்தானே சொன்னீர்கள், அதுவும் செபந்தான் என்றார். பிறகு பிள்ளைக்கு என்ன பேர் என்று கேட்டார்.

ஏழு மாதத்தில் அதை யாருமே கேட்டதில்லை.

“அமலி, சாமி” என்றாள். வயிற்றில் இருந்தபோதே மனசுக்குள் வைத்த பேர். அன்றுதான் முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னாள்.

கல்லறைத் திருநாளுக்குக் குழிகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வரும்போது அமலியின் குழியையும் மந்திரிப்பதாகவும், ஞானஸ்நானம் இல்லாததை எண்ணிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சாமி சொன்னார். எந்த இடம் என்று கேட்டார். அது அவளுக்கே தெரியாது.

செபாஸ்டின் கடலில் சங்கு குளிக்கப் போகிறவன். மத்தியானம் கரையேறி வந்து சாப்பிட உட்கார்ந்தான். பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்று அனுசியா கேட்டாள். அவன் காதில் விழாதவன்போல் சோற்றைப் பிசைந்தான். அவள் நகரவில்லை.

“ஆட்டோல மடியில வச்சுத்தான் கொண்டு போனேன்” என்றான். “நாடியும் வாயும் உன்ன மாதிரியே இருந்துச்சு. தல நெறைய முடி. உடம்புல சூடு இருந்துச்சுளா. உசுரு இருக்குமோன்னு ரெண்டு மட்டம் துண்ட வெலக்கிப் பாத்தேன்.”

மண்ணைத் தள்ளியது அண்ணன்தான். தன்னால் முடியாமல் திரும்பி நின்றுகொண்டதாகச் சொன்னான். அவளிடம் சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று ஆத்தா சொன்னதால் இத்தனை நாளும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தானாம். சொல்லி முடிக்குமுன் எச்சில் கையோடு அழ ஆரம்பித்துவிட்டான். அனுசியா அவன் தலையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. மிக்கேலம்மாள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். சத்தம் தெருவுக்குக் கேட்கும் என்று அவள் சொல்லவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் சாயங்காலம், கல்லறைத் தோட்டத்தில் நெருக்கித் தள்ளும் கூட்டம். முந்தின வாரம் பெய்த மழையில், சின்னப் பிள்ளைகளின் குழிகள் இருந்த மதிலோரம் தரையோடு தரையாகச் சமன்பட்டுக் கிடந்தது. செபாஸ்டின் ஓர் இடத்தில் நின்றான். நாலு எட்டு தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் நின்றான். இரண்டில் எது என்று அவனால் அறுதியிட முடியவில்லை. அனுசியா மெழுகுவத்தியோடு இரண்டு இடத்துக்கும் அவன் பின்னால் நடந்தாள்.

“அது இல்லலே. இங்கன” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மிக்கேலம்மாள் அவர்களைத் தாண்டிப் போய், மதிலில் காரை பெயர்ந்த ஓர் இடத்துக்கு நேர்கீழே குனிந்து மண்ணைத் தொட்டாள். மூத்த மகனிடம் இடம் கேட்டு, ஏப்ரலிலிருந்து திங்கள்கிழமை தோறும் மீன் வாங்கப் போகிற சாக்கில் இங்கே வந்து போகிறாளாம்.

அனுசியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. “ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குச் சொல்லலியே மாமி.”

“நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்ளா.”

“நான் தாங்கல. இப்பவும் தாங்கல. ஆனா என் பிள்ள எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியணும்லா.”

மிக்கேலம்மாள் தப்புத்தான் என்று அடங்கிய குரலில் சொல்லிவிட்டு, காற்று அடிக்கிற பக்கம் சேலை முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அனுசியா மெழுகுவத்தியை மண்ணில் ஊன்றிப் பற்றவைத்தாள்.

சாமி வரிசையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். அவர்கள் முன்னால் நின்றதும் பேரைக் கேட்டார். செபாஸ்டின் அனுசியாவைப் பார்த்தான். அனுசியாதான் சொன்னாள், பக்கத்துக் குழிக்காரர்களுக்கும் கேட்கும்படி: “அமலி. செபாஸ்டின், அனுசியா மக.”

தீர்த்தம் ஈர மண்ணில் விழுந்தது. அனுசியா தரையில் அமர்ந்து, அந்த மண்ணில் உள்ளங்கையைப் பதித்து, மார்ச் மாதத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டி, குரலெடுத்து அழுதாள். ஆண்டவர் மேலிருந்த கோபம் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. அதையும் அங்கேயே அவரிடம் சொன்னாள். அழாதே என்று யாரும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்து, வாசல் கேட்டைப் பூட்ட ஆள் வருகிற வரைக்கும் மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.