மூக்கால் வந்த சிரிப்பு

காலையிலிருந்தே அபெனிக்கு வேலை ஓடவில்லை. இபாதான் நகரின் போடிஜா சந்தையில் அம்மாவின் தக்காளிக் கடைக்கு யார் வந்தாலும் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"எங்க வீட்டிலிருந்து விசாரிக்க யாரோ வருவாங்க. யாருன்னு எனக்கே சொல்லல," என்று நேற்று அவள் காதலன் பாபாஜிதே சொல்லியிருந்தான். "அம்மா குணம்தான் பொண்ணுக்கு வரும்னு நம்புறவங்க. பிடிக்கலேன்னா பொண்ணு கேட்டு வரவே மாட்டாங்க."

அம்மா குணமா? சந்தைக்கே தெரிந்த கோபம் அது!

நீலத் தலைப்பாகை கட்டிய ஒரு பெண்மணி வந்தாள். ஒவ்வொரு தக்காளியாக அமுக்கினாள்.

"அமுக்காதீங்கம்மா! அது தக்காளி, உங்க புருஷன் கன்னமில்ல!" என்று சீறினாள் அம்மா.

"அழுகினதை விக்கிறவளுக்கு வாயைப் பாரு!"

"அழுகினதா? கண்ணைக் கழுவிட்டு வாங்க!"

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். சிரிப்பு முடிகிற இடத்தில், அடைத்த குழாயில் தண்ணீர் வந்ததுபோல் மூக்கிலிருந்து ஒரு கொர்ர்!

அபெனியின் கையிலிருந்த மிளகாய் சிதறியது. இந்தச் சிரிப்புக்காக அவள் எத்தனை முறை சினிமாக் கொட்டகையில் முகத்தை மூடியிருக்கிறாள்! சட்டென்று மண்டியிட்டாள்.

"வணக்கம் அத்தை!"

"யாருக்குடி அத்தை?" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் திகைத்தாள். "அந்தப் பய சொல்லிட்டானா?"

"இல்லத்தை, சத்தியமா! உங்க சிரிப்பு... அவரும் கடைசியில இப்படித்தான், மூக்கால..."

அத்தையின் கண் கலங்கியது. "அது எங்கப்பா சிரிப்புடி! அவரை அடக்கம் பண்ணின மறுவாரமே இவன் பொறந்தான். அப்பா திரும்பி வந்துட்டாருன்னுதானே பாபாஜிதேன்னு பேரு வெச்சோம்!"

அம்மாவின் குரல் தேனானது. "நல்லா அமுக்கிப் பாருங்கம்மா. உங்க கடை மாதிரி நெனச்சுக்குங்க."

"இப்பக் குழையாதே!" அத்தை அபெனியின் பக்கம் திரும்பினாள். "இந்தக் கோபம் உனக்கும் வந்திருக்கா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்துக் கடைகளெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன.

"அப்படியே வந்திருக்கு அத்தை."

"அப்பாடா!" அத்தை அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். "எங்கப்பாவை அதட்ட எங்கம்மா ஒருத்தியாலதான் முடிஞ்சுது. திரும்பி வந்தவரை அதட்டவும் ஆள் வேணுமில்ல? சனிக்கிழமை பொண்ணு கேட்டு வர்றோம்!"

மறுபடியும் ஒரு கொர்ர். இந்த முறை அபெனி முகத்தை மூடவில்லை.